பதினேழுக்குப் பிறகு இருபது

செப்டம்பர் 4

என் அக்கா பெற்ற புலிக்கு,

யாருமே நம்பப்போகாத ஒரு கதையை இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன். இருட்டறைச் சிவப்பு விளக்கின் மேல் வலது கையை வைத்துச் சத்தியமும் செய்துவிட்டேன். விளக்கு சுட்டுவிட்டது. கை கொப்புளித்தாலும் சத்தியம் சத்தியம்தான்.

மூன்று மாதமாக மாமனோடு பேச்சுவார்த்தை இல்லாதவள் ஒன்றரை வரி எழுதியிருக்கிறாய். “அந்தப் படம் எப்படி அப்படி விழுந்தது என்று எழுதி அனுப்புங்கள். வக்கீல் கேட்கிறார்.” அவ்வளவுதான். கீழே கையெழுத்துகூட இல்லை. அந்தக் காகிதத்தை உறையிலிருந்து எடுப்பதும் மறுபடி மடித்து வைப்பதுமாக நான் தேய்த்த தேய்ப்பில் இப்போது ஒன்றேகால் வரிதான் மிச்சம்.

விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் பீரங்கி. அது ஊர் வைத்த பெயர். கம்பெனி வைத்த பெயர் டெலி லென்ஸ். தொழிலை விட்டுப்போன ஒரு போட்டோகிராபரிடமிருந்து என் முப்பதாவது வயதில் வாங்கியது. முன்கண்ணாடிக்குள் பூஞ்சை, வளையத்தில் மணல், உறையில் பழைய உரிமையாளரின் வியர்வை. ஆனால் நீளம் இருக்கிறதே! முழுதாக நீட்டினால் அதன் நுனியில் மழை பெய்யும்போது என் கண்பக்கம் வெயில் அடிக்கும். ஒரு காகம் அதன் முனையில் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பறந்துபோன பிறகுதான் எனக்குத் தகவலே வந்து சேர்ந்தது.

அந்தப் பீரங்கிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தூரத்தில் இருப்பவர்களைப் பக்கத்தில் காட்டும். அதை நீயும் அறிவாய். அதோடு விடாமல், அவர்களுக்கு இடையில் இருக்கும் வெற்றிடத்தைத் தின்றுவிடும். ஒருவருக்குப் பின்னால் ஒருவர் தள்ளித் தள்ளி நிற்பவர்களைச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கிவிடும்.

அன்று பாட்டில் தொழிற்சாலைச் சாலையின் இந்தக் கோடியில் நான் மண்டியிட்டிருந்தேன். அந்தக் கோடியில் தொழிலாளர் கலவரம், கல் பறந்துகொண்டிருந்தது. வாசல் காவலாளி மண்டையில் அடிபட்டுக் கிடந்தார். அவருக்கும் பின்னால் நாற்பது தப்படி தள்ளி உன்னைக் கட்டிய மாப்பிள்ளை, மடக்கிய குடையைத் தலைக்கு மேல் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்து ஏதோ கத்திக்கொண்டிருந்தார். நான் அழுத்தினேன். பீரங்கி அந்த நாற்பது தப்படியையும் விழுங்கி ஏப்பம் விட்டது. மறுநாள் எங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் காவலாளியின் தலைக்கு நேர் மேலே மாப்பிள்ளை. எங்கள் அச்சு இயந்திரத்தின் புள்ளிகளுக்குக் குடைக்கும் இரும்புக் கம்பிக்கும் வித்தியாசம் தெரியாது.

மூன்றாம் நாள் காவலாளி போய்ச் சேர்ந்தார். ஐந்தாம் நாள் போலீஸ் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு உன் வீட்டுக் கதவைத் தட்டியது. ஆறாம் நாள் என் பார்சல் உனக்கு வந்தது. ஐந்து பிரதி. மேலே சிவப்பு மையில், ‘நம் வீட்டு ஆள் முதல் பக்கத்தில்!’ என்று எழுதியிருந்தேன்.

தபால்காரர் அதை வழியில் தொலைத்திருக்கக் கூடாதா. மற்ற எதையெல்லாமோ தொலைக்கிறார்.

இருட்டறையின் சக்கரவர்த்தி,
உன் மாமா

செப்டம்பர் 12

மாமா,

கடிதத்தை வக்கீலிடம் காட்டினேன். காகம் குஞ்சு பொரித்த இடத்தில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஏம்மா, இவரையா நாம கூண்டுல ஏத்தப் போறோம்?” என்று கேட்டார்.

ஆனால் வேறு யாரும் இல்லை. லென்ஸ் தூரத்தைத் தின்னும் என்று சொல்ல ஊரில் உங்களை விட்டால் ஆள் கிடையாது. அதனால் இன்னொரு முறை எழுதுங்கள். ஒரே பக்கம். காகம் வேண்டாம், மழை வேண்டாம். எத்தனை தப்படி, நீங்கள் எங்கே, அவர் எங்கே. அவ்வளவு போதும். முழு பிலிம் சுருளையும் கோர்ட் கேட்கிறது, அனுப்பிவையுங்கள்.

நான் இங்கே டயர் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்திருக்கிறேன். நாள் முழுக்க ரப்பர் நாற்றம். ஜன்னலைத் திறந்தால் சிறைச் சுவர். வேலையும் கிடைத்துவிட்டது, ஓர் அச்சகத்தில் பக்க எண் சரிபார்ப்பது. வாரம் ஒருமுறை கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், கால் மணி நேரம். போனவாரம் அதில் இரண்டு நிமிடத்தை உங்களுக்காகச் செலவழித்தார். “மாமா சரியா சாப்பிடுறாரா? அவர்கிட்ட கோவிச்சுக்காத” என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

இன்னொரு விஷயம். அவருடைய சட்டையைப் போலீஸ் எடுத்து வைத்திருக்கிறது. முதுகுப்பக்கம் முழுக்க ரத்தம். காவலாளியின் ரத்தம். படத்துக்குப் பிறகு ஓடிப்போய், சட்டையைக் கழற்றிச் சுருட்டி அந்த மனிதரின் தலைக்கு அடியில் வைத்ததாகச் சொல்கிறார். ஆம்புலன்ஸ் வந்ததும் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாராம். அதற்குள் எல்லாரும் ஓடிவிட்டார்கள். யாரும் பார்க்கவில்லை.

நான் நம்புகிறேன். ‘நம்புகிறேன்’ என்று எழுதும்போது பேனா ஏன் நிற்கிறது என்று தெரியவில்லை.

நீங்கள் பார்த்தீர்களா மாமா? அங்கே இருந்த ஒரே நம் வீட்டு ஆள் நீங்கள்தான்.

செப்டம்பர் 21

புலியே,

இதோ ஒரே பக்கம் தனியாக வைத்திருக்கிறேன். காகம் இல்லை. எழுதி முடித்தபோது வேறு யாரோ எழுதியது போல இருந்தது. சந்தேகத்தில் கையெழுத்தை இரண்டு தடவை போட்டேன்.

அதோடு ஒரு அத்தாட்சியும் தயாரித்திருக்கிறேன். ஞாயிறு காலை எங்கள் அலுவலகத்தையே தொழிற்சாலைச் சாலைக்குக் கிளப்பிக்கொண்டு போனேன். அச்சு இயந்திரக்காரர் காவலாளியாகப் படுத்தார். பிழை திருத்துபவர் மாப்பிள்ளையாகக் குடை தூக்கினார். சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்து நாற்பது தப்படியை நானே அளந்தேன்.

“எவ்வளவு நேரம்யா படுத்துக் கிடக்கிறது? ரோடு சுடுது” என்றார் இயந்திரக்காரர்.

“செத்தவன் பேசக் கூடாது” என்றார் பிழை திருத்துபவர்.

“நான் இன்னும் மூணு நாளைக்குச் சாகமாட்டேன். பேசலாம்.”

அதைக் கேட்டு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். பிறகு மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்படியே படத்தை எடுத்துக்கொண்டு கலைந்தோம். படத்தில் பார், பிழை திருத்துபவர் இயந்திரக்காரரின் மண்டையைப் பிளக்கப்போவது மாதிரியே இருக்கிறது. வீட்டுக்கு வந்து அதைப் பார்த்தபோது எனக்கே அவரைப் பிடித்துக் கொடுக்கலாமா என்று தோன்றியது.

சுருளையும் அனுப்பியிருக்கிறேன். உறையைக் கசக்காமல் பிடி.

சட்டையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். நான் எப்படித் தொழில் செய்கிறவன் என்று உனக்குத் தெரியாதா? எங்கள் அலுவலகத்தில் வாரத்துக்கு ஒரு சுருள். முப்பத்தாறு படம். அதற்குள் பள்ளிக்கூடப் பரிசளிப்பு, தண்ணீர்த் தொட்டி திறப்பு, குப்பை லாரி குடைசாய்ந்தது எல்லாம் அடங்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் படபடவென்று சுடும்போது நான் ஒரே ஒரு முறை அழுத்துவேன். ‘ஒத்தை கிளிக்’ என்றால் மூன்று மாவட்டத்துக்குத் தெரியும். ஒருமுறை மின்னலைத் தவறவிட்டேன். பிலிமில் ஒரே படம்தான் பாக்கி. மேலே பார்த்துக் கையைக் காட்டினேன். மின்னல் வெட்கப்பட்டுக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்து நின்றது. அழுத்தினேன். மூடியைப் போட்டேன். நடையைக் கட்டினேன்.

அன்றும் அப்படித்தான். அழுத்தினேன், மூடியைப் போட்டேன், வந்துவிட்டேன். பிறகு நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை.

மாமா

நவம்பர் 9

மாமா,

சாட்சி சொல்லி முடித்ததும் என்னைப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டீர்கள். அதனால் அங்கே நடந்ததை நானே உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் அதை வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொண்டு ஊரில் சொல்லிவிடக் கூடாது.

முதல் பத்து நிமிடம் நன்றாகப் பேசினீர்கள். லென்ஸ், தூரம், தப்படி. நீதிபதி தலையாட்டிக்கொண்டு குறித்துக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது. உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் படத்தைக்கூட வாங்கிப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அதை எட்டிப் பார்த்துவிட்டு, “கீழே கிடக்கிறவர் சிரிக்கிறாரே” என்றார். அதோடு போயிருக்கலாம்.

அவர் எழுந்து கேட்டார். “மின்னலை ‘இன்னொரு தடவை வா’ன்னு கூப்பிட்டுப் படம் எடுத்தவர் நீங்கதானே?”

நீங்கள், “கூப்பிடலைங்க. லேசா கையைக் காட்டினேன்” என்றீர்கள்.

கோர்ட்டே சிரித்தது. பெயர் கூப்பிடும் டவாலி சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள் மாமா. குற்றவாளிக் கூண்டுக்குள் அவர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காகக் கூட்டைக் கேட்டார்கள். ஆற்றில் தவறிவிழுந்த கேமராவை மீன் கொண்டுவந்து கொடுத்ததைக் கேட்டார்கள். உங்கள் டீக்கடைக் கதை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். நீதிபதி பேனாவை மூடிவிட்டார். அதை நீங்கள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

கடைசியில் நம் வக்கீல் எழுந்து, “படம் எடுத்த பிறகு என்ன பார்த்தீங்க?” என்று கேட்டார். உங்களைக் கரையேற்றத்தான் கேட்டார்.

“ஒண்ணும் பார்க்கலைங்க. ஒரு கிளிக், மூடியைப் போட்டேன், கிளம்பிட்டேன். என்னை ஊர்ல ஒத்தை கிளிக்னுதான் சொல்வாங்க.”

அதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்தினீர்கள்.

நேற்று அந்தச் சுருளை வக்கீல் என்னிடம் கொடுத்து வைத்திருக்கச் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துண்டு துண்டாக இருக்கிறது. பிலிம் ஓரத்தில் கம்பெனி பொடி எழுத்தில் வரிசை எண் போட்டிருக்கிறது, உங்களுக்குத் தெரியாததில்லை. நான் பகல் முழுக்கப் பக்க எண் பார்க்கிறவள். விட்டுப்போனது கண்ணில் குத்தும். 3-க்குப் பிறகு 6. 9-க்குப் பிறகு 12. முப்பத்தாறில் பதினொன்றுதான் இருக்கிறது.

அவர் இருக்கும் படம் 17. அதற்குப் பிறகு 20.

18 எங்கே மாமா? 19 எங்கே?

நவம்பர் 15

புலியே,

எலி.

நம்பு. எங்கள் இருட்டறை எலி சாதாரண எலி இல்லை. மாட்டுவண்டியில் பூட்டலாம். பிலிம் அதற்கு வெல்லக்கட்டி மாதிரி. ஒற்றைப்படை எண்ணைத் தின்னும், சில சமயம் இரட்டைப்படையையும் தின்னும். கம்பெனிக்காரனும் எண்ணைத் தப்பாக அச்சடிப்பதுண்டு. கத்தரிக்கோலும் அடிக்கடி வழுக்கும்.

உடம்பு சரியில்லை. இரண்டு நாளாகக் கேமராவைத் தொடவில்லை. ஷட்டர் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒருமுறை அல்ல.

பிறகு எழுதுகிறேன்.

டிசம்பர் 18

மாமா,

பத்து வருஷம்.

தீர்ப்பில் உங்களைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. ‘இந்தச் சாட்சியின் வாக்குமூலத்தில் எந்தப் பகுதியையும் நம்புவதற்கில்லை.’ ரத்தச் சட்டையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது.

நான் எலியைப் பற்றிச் சண்டை போட எழுதவில்லை. நேற்று அவரைப் பார்க்கப் போனேன். அவர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். சிறை நூலகத்தில் வேலை கேட்டிருப்பதாக. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கை அதைச் செய்திருக்குமோ என்று. ஒரு நிமிடம்தான் மாமா. அவர் கண்டுபிடித்துவிட்டார். பிறகு இரண்டு கையையும் மெதுவாகப் பின்னால் கட்டிக்கொண்டார். மிச்ச நேரம் முழுக்க அப்படியே நின்றார்.

எனக்கு அப்பீலுக்காகக் கூட வேண்டாம். அந்த இரண்டு படத்தில் என்ன இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள். மோசமாக இருந்தாலும் சொல்லுங்கள். எனக்குத் தெரியாமல் இன்னொரு முறை அந்த வலைக்கு முன்னால் போய் நிற்க முடியாது.

டிசம்பர் 29

மருமகளே,

உன் கடிதம் வந்த அன்றே வக்கீலுக்குப் போன் செய்தேன். மறுநாள் ஆசிரியரிடம் போனேன். அதற்கு மறுநாள் போலீஸ் நிலையம். எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் உனக்கு எழுதுகிறேன். ஏதாவது நல்ல சேதியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

நான் ஒத்தை கிளிக் இல்லை. எந்தக் காலத்திலும் இல்லை. பயந்தவன். எதையும் மூன்று தடவை, நான்கு தடவை அழுத்துவேன். அலுவலகச் சுருள் பற்றாமல் போனால் சொந்தச் சுருள் போடுவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை ஒரே படத்தில் நன்றாக அமைந்துவிட்டது. அன்றைய ஆசிரியர் நெகட்டிவை விளக்கில் பிடித்துப் பார்த்து, “ஒரே கிளிக்கா! கெட்டிக்காரன்யா நீ” என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் முதுகில் இருக்கிறது. அன்றிலிருந்து, சுருளைக் கழுவிக் காயவைத்ததும், யார் கண்ணிலும் படும் முன்னால் நல்லது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரித்துவிடுவேன். ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொளுத்திவிடுவேன். காலையில் எழுந்து பல் துலக்குகிற மாதிரி, அது பாட்டுக்கு நடக்கும். அன்றும் நடந்தது. காவலாளி அப்போது உயிரோடு இருந்தார். யாரையும் பிடித்திருக்கவில்லை. பதினேழில் தூக்கிய கை இருந்தது, கீழே ஆள் இருந்தார். பதினெட்டும் பத்தொன்பதும் சாதுவாக இருந்தன. யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று தோன்றியது. கொளுத்தினேன்.

வக்கீல், “இதைக் கூண்டுல கேட்டேனே, அப்ப எங்க போச்சு வாய்? இப்ப எரிச்ச சாம்பலைக் கொண்டுபோய்க் காட்டவா?” என்று போனை வைத்துவிட்டார். எண் விட்டுப்போனதால் ஏதோ வெட்டப்பட்டது என்று மட்டும்தான் நிரூபணமாகுமாம். அதில் என்ன இருந்தது என்பதற்கு என் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லையாம். ஆசிரியர், “இது உங்க கதையிலேயே பெரிய கதையா இருக்கே” என்றார். போலீஸ் நிலையத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் உள்ளே இருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, “வாங்கய்யா, மின்னல் மாமா வந்திருக்கார். இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார். இன்னொரு தடவை சொன்னேன். கை தட்டினார்கள். ‘நான் பொய்ச்சாட்சி சொன்னேன், என்னைப் பிடித்து உள்ளே போடுங்கள்’ என்று அழுதேன். அதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். இத்தனை வருஷம் இந்த ஊரை நான்தான் இப்படிப் பழக்கியிருக்கிறேன். யாரைக் குறை சொல்வது?

கூண்டில் நின்றபோது சொல்ல வாயெடுத்தேன் மருமகளே. சொன்னால், எரித்ததற்கு என்னைப் பிடிப்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, கோர்ட் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ‘ஒத்தை கிளிக்’ என்ற அந்த இரண்டு வார்த்தை வாயில் தானாக வந்து நின்றுவிட்டது. அவ்வளவு சின்ன விஷயத்துக்குத்தான்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். பதினெட்டில் மாப்பிள்ளை குடையை வீசிவிட்டு ஓடிவருகிறார். நாற்பது தப்படியை நாலே எட்டில் தாண்டினார். அவர் காலடி பட்ட அதிர்வில் தொழிற்சாலையில் அடுக்கியிருந்த பாட்டில்கள் எல்லாம் கணகணவென்று...

இல்லை. பார், இப்போதும் கை அந்தப் பக்கமே இழுக்கிறது.

சாதாரணமாகத்தான் ஓடிவந்தார். நடுவில் ஒருமுறை சறுக்கினார். அது பதினெட்டு.

பத்தொன்பதில் அவர் முழங்காலில் இருக்கிறார். மேல் உடம்பில் சட்டை இல்லை. மேல் பட்டன் வரவில்லை என்று அவர் இழுத்ததையும், அது தெறித்துப் போனதையும் லென்ஸ் வழியாகப் பார்த்தேன். சட்டையைச் சுருட்டினார். காவலாளியின் தலையை ஒரு கையால் தூக்கி, குழந்தையைத் தொட்டிலில் வைப்பது மாதிரி அதன் மேல் வைத்தார். அந்தக் கைதான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து யாரையோ கூப்பிட்டார். அங்கே யாரும் இல்லை. நான் இருந்தேன். மூடியைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

போய் அவரிடம் சொல். மாமா பார்த்தாராம் என்று சொல்.

இவ்வளவு காலமும் உனக்கு எழுதியது, ஊருக்குச் சொன்னது, சத்தியம் செய்து கூண்டில் சொன்னது எதையும் நீ நம்ப வேண்டாம். அந்தச் சட்டை மட்டும் நிஜம்.

மாமா